ஹூஸ்டனில் கேட்ட கேள்வி

1960-ஆம் ஆண்டு செப்டம்பர் 12. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், ரைஸ் ஹோட்டலில் நூற்றுக்கணக்கான புராட்டஸ்டண்டு போதகர்கள் கூடியிருக்கிறார்கள். ஜனாதிபதி வேட்பாளர் ஜான் எஃப். கென்னடி அவர்கள் முன் எழுந்து நிற்கிறார். அன்றைக்கு அவர் விளக்க வேண்டியிருந்தது ரஷ்யாவையோ பொருளாதாரத்தையோ அல்ல. தாம் ஒரு கத்தோலிக்கர் என்பதைத்தான். போப்பாண்டவர் ஒன்று சொல்லி, அரசியல் சட்டம் வேறொன்று சொன்னால் நீர் யார் பக்கம்? கேள்வி அவ்வளவுதான்.

அமெரிக்கா மதச் சுதந்திரத்துக்குப் பேர்போன நாடாச்சே, அங்கேயுமா இப்படி என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். பதவிக்கு வருபவரிடம் மதத்தைச் சோதிக்கக் கூடாது என்று அந்நாட்டு அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவே சொல்கிறது. சட்டம் சொல்வது ஒன்று, ஜனங்கள் மனசில் இருப்பது வேறொன்று. அந்த மனசு எப்படி உருவானது என்று பார்க்க ஒரு நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

1840-களில் அயர்லாந்திலிருந்து ஏழைக் கத்தோலிக்கர்கள் சாரிசாரியாக அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபின் அது வெள்ளமாகவே ஆயிற்று. கூலிக்குப் போட்டி, குடிப்பழக்கம் பற்றிய ஏளனம், எல்லாம் உண்டு. ஆனால் பிலடெல்பியாவில் சண்டை மூண்டது பள்ளிக்கூடத்தில் படிக்கிற பைபிளுக்காக! அரசுப் பள்ளிகளில் புராட்டஸ்டண்டுகளின் மொழிபெயர்ப்பே வாசிக்கப்பட்டு வந்தது. எங்கள் பிள்ளைகள் எங்கள் பைபிளைப் படிக்கட்டுமே என்று கத்தோலிக்க ஆயர் கென்ரிக் கேட்டார். கேட்டது அவ்வளவே. பைபிளையே பள்ளியிலிருந்து தூக்கி எறியப் பார்க்கிறார்கள் என்று வதந்தி கிளம்பிவிட்டது. 1844 மே மாதக் கலவரத்தில் புனித மைக்கேல், புனித அகஸ்டின் ஆலயங்கள் இரண்டும் தீக்கிரையாயின, பலர் மாண்டனர். ஜூலையில் மறுபடியும் கலவரம். பிற்காலத்தில் கத்தோலிக்கர்கள் நாடெங்கும் சொந்தமாகப் பள்ளிகளைக் கட்டிக்கொண்டதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். ஓரிகன் மாநிலமோ 1922-இல் எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே வர வேண்டும் என்று சட்டம் போட்டது. 1925-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

1850-களில் வந்தேறிகளுக்கு எதிராகவே ஒரு கட்சி எழுந்தது. ரகசியச் சங்கமாகத் தொடங்கியதால், யார் கேட்டாலும் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லுவது உறுப்பினர்கள் வழக்கம். அதனால் 'ஒன்றும் தெரியாதோர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1856-இல் முன்னாள் ஜனாதிபதி ஃபில்மோரை நிறுத்தி, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாக்கும் பெற்றார்கள். அவர்கள் ஜெயித்த ஒரே மாநிலம் எது தெரியுமா? மேரிலாந்து. கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று நிறுவிய பழைய காலனி அது!

1928-இல் நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித் பெரிய கட்சியொன்றின் முதல் கத்தோலிக்க வேட்பாளரானார். ஆற்றுக்கடியில் அப்போதுதான் திறந்திருந்த ஹாலண்ட் சுரங்கப்பாதையின் படத்தைக் காட்டி, இது வாடிகன் வரை போகிறது என்று கூடப் பிரசாரம் செய்தார்கள். ஹூவரிடம் 444-க்கு 87 என்ற கணக்கில் ஸ்மித் தோற்றார். மதம் மட்டுமே தோற்கடித்தது என்று சொல்வது சரியில்லை. நாடு அப்போது செழிப்பில் இருந்தது, மதுவிலக்கை அவர் எதிர்த்ததும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் கத்தோலிக்கர் ஜெயிக்க முடியாது என்ற எண்ணம் 32 வருஷம் நிலைத்தது.

கென்னடிக்கு இது நன்றாகவே தெரியும். கத்தோலிக்கர் மிகக் குறைவாக இருந்த மேற்கு வர்ஜீனியாவின் கட்சித் தேர்தலில் அவர் மே மாதமே ஜெயித்துக் காட்டியிருந்தார். ஹூஸ்டனில் அவர் சொன்னதன் சாரம் இது: நான் கத்தோலிக்கர்களின் வேட்பாளர் அல்ல, பொது விஷயங்களில் நான் திருச்சபைக்காகப் பேசுவதில்லை, திருச்சபையும் எனக்காகப் பேசுவதில்லை, மனசாட்சிக்கும் நாட்டு நலனுக்கும் மோதல் வந்தால் பதவியை விட்டு விலகுவேன். தாம் கடற்படையில் பணியாற்றியபோதும், அண்ணன் போரில் உயிர்விட்டபோதும் யாரும் விசுவாசத்தைச் சந்தேகிக்கவில்லையே என்றும் நினைவூட்டினார். நவம்பரில் சுமார் 6.9 கோடி வாக்குகளில் ஒரு லட்சத்துச் சொச்சம் வித்தியாசத்தில்தான் ஜெயித்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். 1973-இல் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றதும் கேள்வி தலைகீழாயிற்று. அதுவரை 'நீ ரோமுக்கு ரொம்பவும் கீழ்ப்படிகிறாய்' என்று வெளியார் கேட்டார்கள். இப்போது 'நீ போதிய அளவு கீழ்ப்படியவில்லை' என்று சொந்தத் திருச்சபையே கேட்டது. 1984-இல் நியூயார்க் ஆளுநர் மாரியோ கோமோ நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் இதற்கு விடை சொல்லப் பார்த்தார்: போதனையை நான் ஏற்கிறேன், ஆனால் எல்லா மதத்தாரும் வாழும் நாட்டில் அதைச் சட்டமாகத் திணிக்க முடியாது. என் அபிப்பிராயத்தில் கென்னடி பேச்சை விட இதுவே ஆழமானது. ஆயர்கள் பலருக்குத் திருப்தியில்லை என்பது வேறு விஷயம். 2004-இல் ஜான் கெர்ரிக்கு நற்கருணை தர மாட்டோம் என்று சில ஆயர்கள் அறிவித்தார்கள். 2021-இல் பதவியேற்ற இரண்டாவது கத்தோலிக்க ஜனாதிபதி ஜோ பைடன் காலத்திலும் அதே சர்ச்சை.

ஆயர்கள் கருக்கலைப்பை மட்டுமே பேசினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1983-இல் அணு ஆயுதங்களைப் பற்றியும், 1986-இல் ஏழைகளுக்கான பொருளாதார நீதி பற்றியும் அவர்கள் எழுதிய கடிதங்கள் ரீகன் அரசுக்கு உறுத்தலாகவே இருந்தன. கட்சிகளுக்கோ தத்தமக்கு வேண்டிய பகுதி மட்டும் காதில் விழும்.

2022-இல் உச்ச நீதிமன்றம் 1973 தீர்ப்பை ரத்து செய்தபோது, ரத்துத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அலிட்டோவும் கத்தோலிக்கர், எதிர்த்து நின்ற சோட்டோமயோரும் கத்தோலிக்கர். 2025-இல் குடியேறிகளை நாடுகடத்தும் கொள்கைக்குத் திருச்சபைப் போதனையையே ஆதாரமாகக் காட்டினார் துணை ஜனாதிபதி வான்ஸ். அவர் 2019-இல் கத்தோலிக்கரானவர். பிப்ரவரியில் போப் பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்குக் கடிதம் எழுதி, அந்தப் போதனைக்குத் தம் விளக்கத்தைச் சொல்லி, நாடுகடத்தலைக் கண்டித்தார். அதே ஆண்டு மே 8-ஆம் தேதி, சிக்காகோவில் பிறந்த ராபர்ட் பிரிவோஸ்ட் பதினான்காம் லியோ என்ற பெயரில் போப்பாண்டவரானார். போப்பாண்டவர் என்றால் அயல்நாட்டு மன்னர் என்று பயமுறுத்திய அந்தப் பழைய வாதத்தை இனி அமெரிக்காவில் யாரும் அப்படியே சொல்லிவிட முடியாது.