மருத்துவரும் ஆசிரியருமாக: பொது மருத்துவப் பேராசிரியர் பணி ஓர் அறிமுகம்

சிறுமலையிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஒரு வாரக் காய்ச்சலோடு ஒருவர் திண்டுக்கல்லுக்கு இறங்கி வருகிறார். டெங்குவா, டைஃபாய்டா, எலிக்காய்ச்சலா? எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். புதர்க்காடுகளில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் ‘ஸ்க்ரப் டைஃபஸ்’ என்ற உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். பூச்சி கடித்த இடத்தில் சிலருக்குக் கருகிய பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ மறைந்திருக்கும். அதைக் கண்டுவிட்டால் டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையே போதுமானதாகிவிடும். தவறவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிப்பு போகலாம். ‘அங்கே தேடிப் பார்’ என்று நோயாளியின் கட்டிலருகே நின்று இளம் மருத்துவருக்குச் சொல்லித் தருபவர்தான் பொது மருத்துவப் பேராசிரியர்.

‘பொது மருத்துவம்’ என்றால் எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவர் பார்க்கும் வைத்தியம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. எம்.டி. ஜெனரல் மெடிசின் என்பது தனி முதுநிலைப் படிப்பு. அறுவை சிகிச்சை இல்லாமல், பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை, இரத்த அழுத்தம், காய்ச்சல், இதயம், நுரையீரல், சிறுநீரக நோய்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் துறை அது.

மருத்துவம் அறியாத ஒருவர் வைத்தியம் செய்தால், அதனால் வரும் பாதிப்புக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா நூல்களில் பதிவாகியுள்ளது. அறிந்தவர் என்று ஒருவரை ஆக்குவது யார்? அவருடைய ஆசிரியர்தானே!

நம் வரலாற்றில் இதற்குப் பெரிய முன்மாதிரி அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸி (865–925). தஃப்ஸீர் எழுதிய இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (ரஹ்) அவர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் வேறு. இவருடைய தத்துவக் கருத்துகளை உலமாக்கள் மறுத்துள்ளனர், அது தனி விஷயம். மருத்துவத்தில் இவர் பேராசான். ரய் நகரிலும் பின்னர் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்தார். இவருடைய சபையை இப்னுந் நதீம் விவரிக்கிறார்: ராஸிக்கு அடுத்து அவருடைய மாணவர்கள், அவர்களுக்கு அப்பால் அந்த மாணவர்களின் மாணவர்கள் என்று வரிசையாக அமர்ந்திருப்பார்கள். வரும் நோயாளி முதலில் வெளி வரிசையில் இருப்பவர்களிடம் தன் நோயைச் சொல்வார். அவர்களுக்குத் தெரியாவிட்டால் அடுத்த வரிசை. அங்கும் விடை இல்லையென்றால்தான் ராஸி பேசுவார். இன்றைய மருத்துவக் கல்லூரி வார்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். பயிற்சி மருத்துவர், முதுநிலை மாணவர், உதவிப் பேராசிரியர், கடைசியாகப் பேராசிரியர். ராஸியின் ‘அல்ஹாவி’ கூட அவர் மறைந்த பிறகு, அவருடைய குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்ட நூல்தான்.

இந்தப் பணிக்கான பாதை நீளமானது. நீட் தேர்வு, பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., பிறகு முதுநிலை நீட், 3 ஆண்டு எம்.டி., ஓராண்டு சீனியர் ரெசிடென்ட் பணி. அதன் பிறகே உதவிப் பேராசிரியர். அங்கிருந்து இணைப் பேராசிரியராக 4 ஆண்டு அனுபவமும் ஆய்வுக் கட்டுரைகளும் தேவை. பேராசிரியராக மேலும் 3 ஆண்டு. வருமானம் தனியார் மருத்துவமனைகளோடு ஒப்பிட்டால் குறைவுதான், மறைக்க வேண்டியதில்லை. அரசுப் பணியில் சேர்ந்து மலைப்பகுதி, தொலைதூர ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவர்களுக்கு முதுநிலைச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் தரும் முறை உள்ளது.

2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. அதுவரை நம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்த அரசுக் கல்லூரி, 1954-ல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரிதான். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பேகம்பூரில் பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்க்கப்போகும் பெற்றோர் இதை அப்போதே யோசிக்க வேண்டும், பிளஸ் டூ முடித்த பிறகு அல்ல.

இத்துறையில் தமிழகம் மறக்காத பெயர் டாக்டர் கே.வி. திருவேங்கடம் (1926–2015). சென்னையில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1981-ல் பத்மஸ்ரீ பெற்றார். பல தலைமுறை மருத்துவர்கள் அவரை ‘கே.வி.டி.’ என்றே சொல்வார்கள்.

நம் பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மருத்துவம் படிக்கும் மகளை மகப்பேறு மருத்துவராக மட்டுமே நாம் கற்பனை செய்கிறோம். ஆனால் அந்தக் கருகிய பொருக்கு மார்பின் அடியில் இருந்தால், ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கி ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடும் தாய்மார்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பரிசோதிக்கவும், அப்படிப் பரிசோதிப்பது எப்படி என்று மற்ற மாணவிகளுக்குச் சொல்லித் தரவும் எம்.டி. ஜெனரல் மெடிசின் முடித்த பெண்கள் வேண்டும்.