காலியாய்க் கிடந்த நாற்காலிகள்

ஆலங்காயம் பேரூராட்சி மன்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், யார் யார் தலைவராக இருந்தார்கள் என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு, அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவருமே இல்லாதிருந்த ஐந்தரை ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர மன்றங்களில் மூன்றிலொரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 1996 அக்டோபர் தேர்தலில் அவர்கள் உள்ளே வந்தார்கள். பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் குறித்த வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டு ஆகஸ்டில்தான். தண்ணீர் சுமக்கிறவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி முடிவெடுக்கும் இடம் கிடைத்தது.

அது சும்மா கிடைத்த இடமல்ல. மதுரை வில்லாபுரத்தில் குடிநீருக்காகப் போராடிய மாநகராட்சி உறுப்பினர் லீலாவதி 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். ‘எல்லாம் அவ வீட்டுக்காரர்தான் பாக்குறாரு’ என்று பெண் கவுன்சிலர்களைக் கேலி பேசுகிறவர்கள் (அப்படி நடக்கும் ஊர்களும் உண்டு) இந்தப் பெயரைச் சொல்வதேயில்லை.

2016இல் ஒதுக்கீடு பாதியாக உயர்ந்தது. அதே அக்டோபரில் உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. மன்றங்களின் பதவிக்காலமும் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். பேரூராட்சிகளில் அந்தப் பாதி இடத்துக்கு வாக்குப்பதிவு நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று.

இடைப்பட்ட காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்குப் பஸ் ஏறும் பெண், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாரிடம் போவாள்? கவுன்சிலர் என்றால் இரவிலும் கதவைத் தட்டலாம். அலுவலருக்கு அலுவலக நேரம் உண்டு. அவளுக்கு அது கம்பெனி நேரம்.