சங்கீத ஞானத்தை அளக்கும் கோல்



சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பரீட்சை ஒன்றின் வரலாறு என்றும் கொள்ளலாம். மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதிற் சோழன் அவையில் ஆடுகிறாள். தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். தமிழ் ஆசிரியனாகிய நான் இக்காதையைப் படிப்பிக்கும்போதெல்லாம் மாணவருக்கு ஒன்றைச் சுட்டிக்காட்டுவதுண்டு. மாதவியின் ஆடலுக்கு முன்னரே ஆடலாசான், இசையாசான், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். கற்பித்தவர் தகுதி முதலில். கற்றவர் சோதனை பின்னர்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வரிசை மாறிற்று. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழக உளவியலாளர் கார்ல் சீஷோர், 1919 ஆம் ஆண்டில் இசைத்திறனை அளக்கும் சோதனைகளை இசைத்தட்டுக்களாக வெளியிட்டார். இரண்டு ஒலிகள் கேட்கும். இரண்டாவது உயர்ந்ததா, தாழ்ந்ததா? மீண்டும் ஒலிக்கும் சுரவரிசையில் மாறிய சுரம் எது? பிள்ளை விடையைத் தாளில் எழுதவேண்டும். பிறவித் திறனைப் பயிற்சிக்கு முன்னரே கண்டறியலாம் என அவர் நம்பினார்.

ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் படித்த பாடமொன்று இங்கு உதவும். எத்தனை முறை அளந்தாலும் ஒரே அளவு வருவது பரீட்சையின் நம்பகம். அளக்க எண்ணியதையே அளப்பது அதன் ஏற்புடைமை. கொத்தால் அரிசியை அளக்கலாம். சோற்றின் சுவையை அளக்க முடியுமா? 1930களில் ஜேம்ஸ் மர்செல் என்ற உளவியலாளர் சீஷோரை நோக்கி எழுப்பிய வினாவும் இத்தகையதே. செவிக் கூர்மை இசைக்கு வேண்டியதுதான். ஆனால் அதுவே இசையாகிவிடாது என்றார் அவர்.

நமது இசைக்கு இது மேலும் பொருந்தும். தோடியின் காந்தாரம் கமகத்தில் அசைவது. அசைவின்றி நிறுத்தினால் தோடியின் உருவமே கெடும். இங்கிலாந்தின் ஹெர்பர்ட் விங் வகுத்த சோதனையிலோ, ஒருசேர ஒலிக்கும் சுரங்கள் எத்தனை என்று கேட்கிறார்கள். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த பிள்ளை அதற்குத் திணறினால், குறை பிள்ளையுடையதா, வினாவுடையதா?

இலங்கையிலும் இவ்வழக்கு எழுந்தது. 1952 இல் வானொலிக் கலைஞர்களைத் தரம்பிரிக்க, லக்னோ இசைக் கல்லூரி அதிபர் ரத்தன்ஜன்கர் அழைக்கப்பட்டார். அக்கல்லூரியிலேயே பயின்றவரான சிங்களப் பாடகர் சுனில் சாந்த, அவர் முன் தேர்வுக்குத் தோற்ற மறுத்தார். வட இந்திய இசையின் அளவுகோல் இந்நாட்டுப் பாட்டுக்குப் பொருந்தாது என்பது அவர் நிலைப்பாடு. அதனால் வானொலி வாய்ப்பை இழந்தார். அவர் பாடல்களோ இன்றும் பாடப்படுகின்றன.

யாழ்ப்பாணத்தில் 1931 இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் வழி வேறு. தரந்தரமாகப் பரீட்சை வைத்து, நிறைவிற் ‘கலாவித்தகர்’ பட்டம் வழங்கும் முறை அது. கற்றது எவ்வளவு என்று கணக்கெடுக்கும் அளவில் இம்முறை ஏற்புடையதே. அப்பெறுபேற்றை வைத்து, “இந்தப் பிள்ளைக்கு ஞானமில்லை” என்று நாம் தீர்ப்புக் கூறும்போதுதான் பிழை நேர்கிறது.

தீவகத்தாராகிய நாம் இதை நன்கு உணரவேண்டும். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உள்ள பிள்ளை பட்டினத்து ஆசிரியரிடம் செல்லக் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும். 1990 ஆம் ஆண்டின் பின் தீவகத்திலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர்; ஆசிரியரும் மாணவரும் திசைக்கொருவராயினர். நாகபூஷணி அம்மன் ஆனித் திருவிழாவிலே தவிலோசையிற் தாளம் பிடிபட்ட பிள்ளையும், ஊர்காவற்றுறைப் பக்கத்தில் நாட்டுக்கூத்து மெட்டோடு வளர்ந்த பிள்ளையும் செவித்திறன் அற்றவர்களா? கீர்த்தனை சொல்லிக்கொடுக்க ஆளில்லாமற் போனதும், திறனே இல்லாதிருப்பதும் புள்ளித்தாளில் ஒன்றாகவே தெரியும்: “சித்தியில்லை.”

எனவே பெற்றோரே, ஆசிரியர்களே, ஒரு நாட் பரீட்சையைக் கொண்டு பிள்ளையின் பாட்டை நிறுத்திவிடாதீர்கள். யாரிடம், எத்தனை காலம், எந்த இசையைக் கற்றது என்பதை முதலிற் கேளுங்கள். இளங்கோவடிகள் அந்த வரிசையிலேதான் சொன்னார்.