நிலவொளி, பீத்தோவன் இட்ட பெயரல்ல

பியானோ இசை நிகழ்வுகளின் நிகழ்ச்சிக் குறிப்பில் ‘மூன்லைட் சொனாட்டா’ என்று மட்டும் எழுதுவது போதாது. 1801இல் அதை இயற்றிய பீத்தோவன் அப்பெயரை அறியார். அவர் 1827இல் இறந்த பின்னரே, ஜேர்மானிய விமர்சகர் லுட்விக் ரெல்ஸ்டாப் சொன்ன நிலவு உவமையிலிருந்து அது பிறந்தது. 1802இல் அச்சான தலைப்பின் பொருள், ‘கற்பனையோட்டம் போன்ற சொனாட்டா’.

நிலவை எதிர்பார்த்து வருபவர் மூன்றாம் பகுதியின் புயலில் திகைத்துப்போவார். குறிப்பு அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வாசிப்பவருக்குத்தான் பெரிய சிக்கல். முதற்பகுதி முழுவதையும் தந்திகளின் அதிர்வை அடக்காமலே வாசிக்கும்படி பீத்தோவன் எழுதியிருக்கிறார். அவர் காலத்துப் பியானோவில் ஒலி விரைவாகத் தேய்ந்துவிடும். இன்றைய பியானோவில் அப்படியே செய்தால் சுரங்கள் கலங்கிவிடும். ஆகவே இடது கையின் அடிச்சுரம் மாறும்போதெல்லாம் பெடலை மெல்ல மாற்றிப் பழக வேண்டும். முடிந்தால் அரங்கிலுள்ள பியானோவிலேயே.