கட்டாயக் கல்விக்கு முதற் சட்டம்: விட்டல்பாய் படேலின் கல்விப்பணி

சமண முனிவர் உறைந்த இடத்திற்கு வழங்கிய ‘பள்ளி’ என்னும் சொல், நாளடைவில் எழுத்தறிவிக்கும் இடத்திற்கும் பெயராயிற்று. கழுகுமலைக் கல்வெட்டுகள் குரவரையும் குரத்தியரையும் அவர்தம் மாணாக்கரையும் பெயர் சுட்டிக் கூறுகின்றன. அத்தகைய பள்ளிகளின் பராமரிப்புக்கென வரி நீக்கி விடப்பட்ட நிலம் ‘பள்ளிச்சந்தம்’ எனப்பட்டது. கற்பிப்பாரும் கற்பாரும் இருப்பின் மட்டும் கல்வி நிலைத்துவிடாது. அதன் செலவுக்கு ஒரு வழி வகுத்தல் வேண்டும் என்பதை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

ஊரிலுள்ள குழந்தைகள் அனைவரும் கற்க வேண்டுமாயின் அச்செலவை ஏற்பவர் யார்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய நாட்டுத் தலைவர்கள் எதிர்கொண்ட பெருவினா இது. அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் இவ்வினாவுக்குச் சட்டத்தின் வாயிலாக முதன்முதலில் விடை கண்டவர், பம்பாய் மாகாணச் சட்டசபை உறுப்பினராக இருந்த விட்டல்பாய் படேல் ஆவார். இவர் சர்தார் வல்லபபாய் படேலின் தமையனார். தம்பியின் புகழொளியில் அண்ணனின் கல்விப்பணி பெரிதும் மறைந்து போயிற்று.

பரோடா காட்டிய வழி

கட்டாயக் கல்வி இந்நாட்டு மண்ணுக்கு ஒவ்வாது என்று ஆங்கில ஆட்சியாளர் கூறிவந்த காலத்தில், பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அதனைச் செய்து காட்டினார். 1893இல் அம்ரேலி வட்டத்தின் சில ஊர்களில் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வியைச் சோதனையாகத் தொடங்கினார். 1906இல் அதனைத் தம் நாடு முழுமைக்கும் விரித்தார். இந்திய மன்னர் ஒருவரால் இயன்றது பேரரசுக்கு ஏன் இயலாது என்ற வினா இயல்பாகவே எழுந்தது.

அவ்வினாவைப் பேரவையில் எழுப்பியவர் கோபால கிருஷ்ண கோகலே. பூனா பெர்குசன் கல்லூரியில் ஆசிரியராகப் பணிபுரிந்தவர் அவர். 1910இல் தலைமைச் சட்டசபையில் இது குறித்து ஒரு தீர்மானம் கொணர்ந்தார். அரசு ஆவன செய்வதாக உறுதி கூறியதால் அதனைத் திரும்பப் பெற்றார். பயன் ஒன்றும் விளையாமையால் 1911 மார்ச் மாதத்தில் மசோதா ஒன்றையே முன்வைத்தார். அக்காலத்தில் இந்திய மக்களில் நூற்றுக்கு ஆறு பேரே எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பது 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு உணர்த்தும் செய்தி.

கோகலேயின் மசோதா மிகவும் அடக்கமானது. நாடு முழுவதற்கும் ஒரே நாளில் கட்டாயம் விதிக்குமாறு அவர் கேட்கவில்லை. ஏற்கெனவே ஓரளவு குழந்தைகள் பள்ளிக்குச் செல்லும் பகுதிகளில், உள்ளாட்சி மன்றம் விரும்பினால், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்க்குக் கட்டாயம் விதிக்கலாம் என்பதே அதன் சாரம். செலவின் பெரும்பங்கை அரசு தாங்குதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்கும் அரசு இசையவில்லை. மக்களிடம் அத்தகைய விருப்பம் இல்லை, பொருள் போதாது, மாகாண அரசுகள் விரும்பவில்லை எனக் காரணங்கள் அடுக்கப்பட்டன. நிலக்கிழார் சிலரோ, உழவு வேலைக்கும் ஏவல் பணிக்கும் ஆள் கிடைக்கமாட்டார்கள் என்று அஞ்சினர். 1912 மார்ச் 19ஆம் நாள் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. ஆதரவு 13, எதிர்ப்பு 38. மசோதா வீழ்ந்தது. மூன்றாண்டுகளுக்குள் கோகலேயும் மறைந்தார்.

விட்டல்பாயின் அணுகுமுறை

குஜராத்தின் கரம்சத் ஊரைச் சேர்ந்த உழவர் குடும்பத்தில் தோன்றியவர் விட்டல்பாய். சட்டம் பயில இங்கிலாந்து செல்லத் தம்பி வல்லபபாய் பணம் சேர்த்துப் பயண ஆவணங்களையும் பெற்றிருந்தார். இருவர் பெயரின் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருந்தமையால், அவற்றைக் கொண்டு தாம் முதலில் சென்றுவர அண்ணன் விரும்பினார். தம்பியும் மனமுவந்து விட்டுக்கொடுத்தார். 1905இல் கடல் கடந்து சென்று, பாரிஸ்டராகத் திரும்பி, பம்பாயில் வழக்குரைத்துப் பெயர் பெற்ற விட்டல்பாய், பின்னர்ப் பம்பாய் மாகாணச் சட்டசபையில் உறுப்பினரானார்.

அன்றைய சட்டசபை இன்றைய சட்டமன்றத்தைப் போன்றதன்று. மக்கள் நேரடியாக வாக்களித்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மிகச் சிலர்க்கே இருந்தது. அதிகாரம் ஆளுநரிடமும் அவர்தம் அலுவலரிடமும் இருந்தது. தனி உறுப்பினர் ஒருவர் கொணரும் மசோதா, அரசின் இசைவின்றி நிறைவேறுவது அரிது. கோகலேயின் தோல்வியை நன்கு ஆராய்ந்த விட்டல்பாய், அரசு மறுத்தற்கரிய வடிவில் தம் மசோதாவை அமைத்தார். பேரரசு முழுமையையும் விடுத்துத் தம் மாகாணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். மாகாணத்திலும் பம்பாய் மாநகரையும் சிற்றூர்களையும் விலக்கி, மாவட்ட நகராட்சிகளை மட்டும் குறித்தார். எல்லை சுருங்கியது, ஆனால் கொள்கை சுருங்கவில்லை. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றோரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று, சமுதாயத்தின் கடமை என்பதை அரசு ஒருமுறை ஏட்டில் ஒப்புக்கொண்டால், பின்னர் அதனை மறுக்க இயலாது அல்லவா?

காலமும் அவருக்குத் துணை நின்றது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டில், இந்தியர்க்குப் படிப்படியாகத் தன்னாட்சிப் பொறுப்பு வழங்கப்படும் என்று இந்திய அமைச்சர் மாண்டேகு அறிவித்திருந்தார். அந்நிலையில் நகராட்சிகள் தாமே விரும்பித் தம் குழந்தைகளுக்குக் கல்வி தருவதைத் தடுப்பது அரசுக்கு எளிதன்று. 1918இல் பம்பாய்த் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறியது. பிரிட்டிஷ் இந்தியாவில் கட்டாயக் கல்விக்கென எழுந்த முதற் சட்டம் இதுவே. மக்கள் இதனைப் ‘படேல் சட்டம்’ என்றே வழங்கினர்.

சட்டத்தின் கூறுகள்

நகராட்சி உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால், நகர் முழுவதிலுமோ அதன் ஒரு பகுதியிலோ, ஆறு வயது முதல் பதினொரு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்வி விதிக்கலாம். சிறுவரோடு சிறுமியரையும் அதில் சேர்க்கலாம். கட்டாயம் நடைமுறைக்கு வரும் இடத்தில் கட்டணம் வாங்குதல் கூடாது. செலவுக்கெனத் தனி வரி விதித்துக்கொள்ளலாம். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர்க்கும், பள்ளி வயதுக் குழந்தையை வேலைக்கு அமர்த்துவோர்க்கும் தண்டம் உண்டு.

சட்டத்தின் உயிர்நாடியான தொடர்கள் ‘விதிக்கலாம்’, ‘சேர்க்கலாம்’ என்றே முடிகின்றன. ‘விதித்தல் வேண்டும்’ என்று சட்டம் எங்கும் ஆணையிடவில்லை. இலக்கணத்தில் இவ்விரண்டு முடிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிது. நாட்டு வாழ்வில் அது பெரும்பள்ளமாக இருந்தது. இவ்வுரிமையைப் பயன்படுத்த முன்வந்த நகராட்சிகள் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கனவே.

இதற்குக் காரணம் காண்பது அரிதன்று. அக்கால நகராட்சியில் வாக்குரிமை பெற்றவர், சொத்தும் வரிகட்டும் தகுதியும் உடையவர். அவர்தம் குழந்தைகள் முன்னரே பள்ளியில் பயின்றனர். புதிய சட்டத்தால் பயன்பெறுவோர், நெசவுத் தறியிலும் கடைத்தெருவிலும் பெற்றோர்க்குத் துணைநின்ற ஏழைச் சிறார். அவர்தம் பெற்றோர்க்கு வாக்கும் இல்லை, மன்றத்தில் குரலும் இல்லை. ஆகவே பிறர் குழந்தைக்காகத் தம்மீது தாமே வரி விதித்துக்கொள்ளுமாறு வசதி படைத்தோரைச் சட்டம் கேட்டது. ஈகையாகக் கொடுக்க முன்வருவோர் பலர். வரியாகக் கொடுக்க உடன்படுவோர் சிலர். ஈகையில் கொடுப்பவர் பெயர் விளங்கும். வரியிலோ யார் கொடுத்தது என்பது தெரியாது. ஆனால் பெறும் குழந்தை எவர்முன்னும் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. இவ்வேறுபாட்டைச் சட்டத்தில் பொறித்தமையே விட்டல்பாயின் பணியின் சிறப்பு.

சென்னையும் பிற மாகாணங்களும்

பம்பாய் ஏற்றிய விளக்கு பிற மாகாணங்களிலும் சுடர்விட்டது. 1919இல் பஞ்சாப், ஐக்கிய மாகாணம், வங்காளம், பீகார்-ஒரிசா ஆகியவற்றிலும், 1920இல் மத்திய மாகாணத்திலும் சென்னையிலும் இத்தகைய சட்டங்கள் தோன்றின. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், நகராட்சிகளுடன் வட்டக் கழகங்களுக்கும் கட்டாயம் விதிக்கவும் கல்வி வரி தண்டவும் இடமளித்தது. தமிழ் நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஊரார் வரிப்பணம் சட்டப்படி வந்துசேர வழி பிறந்தது இவ்வாறே. வரிநீக்கிய பள்ளிச்சந்தம் ஒரு காலம். வரி விதித்துப் பள்ளி நடத்துதல் மற்றொரு காலம்.

அதே 1920ஆம் ஆண்டில், பி. தியாகராய செட்டியார் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கத் தொடங்கியது. பசித்த வயிற்றோடு வரும் குழந்தையைத் தண்டத்தால் மட்டும் பள்ளியில் நிறுத்த இயலாது என்பதை உள்ளாட்சியினர் உணர்ந்தனர் என்பதற்கு இது சான்று.

சட்டம் எட்டாத சிற்றூர்கள்

படேல் சட்டம் சிற்றூர்களைத் தொடவில்லை. 1923இல் பம்பாயில் எழுந்த புதிய சட்டமே ஊரகப் பகுதிகளையும் உள்ளடக்கியது. அதன் பின்னரும் பள்ளியே காணாத ஊர்கள் எண்ணற்றவை. அக்குறையை நிரப்பிய பெருமக்களுள் ஒருவர் சமணக் குடியில் பிறந்தவர் என்பது நாம் பெருமையுடன் நினைத்தற்குரியது.

கர்மவீரர் பாவுராவ் பாட்டீல் 1887இல் கோலாப்பூரை அடுத்த கும்போஜில் பிறந்தார். கோலாப்பூர் மன்னர் ஷாகு மகாராஜர் 1917இல் தம் நாட்டில் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்விக்கு ஆணை பிறப்பித்தவர். அம்மன்னரின் கருத்துகள் இளம் பாவுராவின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மாணவர்க்கான விடுதித் தொடக்க விழாவிற் கலந்துகொண்டமைக்காக, தாம் தங்கிப் படித்த விடுதியை விட்டு அவர் வெளியேற நேர்ந்தது. அந்நிகழ்ச்சி அவரைத் தளர்த்தவில்லை.

1919இல் காலே என்னும் சிற்றூரில் அவர் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவை நிறுவினார். ‘ரயத்’ என்பது குடியானவரைக் குறிக்கும் சொல். பின்னர்ச் சாத்தாராவில் அவர் நடத்திய விடுதியில் எல்லாச் சாதிச் சிறுவரும் ஒருங்கே சமைத்து ஒருங்கே உண்டனர். உழைத்துக்கொண்டே படித்தனர். 1927இல் அவ்விடுதிக்கு வந்த காந்தியடிகள் அதற்கு ஷாகு மகாராஜரின் பெயரைச் சூட்டினார். விடுதிச் சிறுவர்க்கு உணவில்லாத வேளையில் பாவுராவின் துணைவியார் லட்சுமிபாய் தம் அணிகலன்களையும், இறுதியில் மங்கல நாணையும் விற்கக் கொடுத்தார்.

1937இல் பி.ஜி. கேர் தலைமையில் பம்பாயில் அமைந்த அமைச்சரவை, பள்ளியற்ற ஊர்களில் தன்னார்வப் பள்ளிகள் தொடங்குவோர்க்கு மானியம் வழங்க முன்வந்தது. பாவுராவின் நிறுவனம் நாளடைவில் 578 தன்னார்வப் பள்ளிகளை நடத்தியது. அவை பின்னர் அரசுசார் பள்ளிக் கழகங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தாம் வளர்த்த பள்ளிகளைத் தம் உடைமையாகக் கருதாமல் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தது அபரிக்கிரகம் என்னும் விரதத்தின் ஒரு வடிவம் எனலாம்.

‘கலாம்’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ வரை

விட்டல்பாய் 1925இல் மத்திய சட்டசபையின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியத் தலைவரானார். அப்பதவியில் பெற்ற ஊதியத்தின் பெரும்பகுதியை மாதந்தோறும் பொதுப்பணிக்கெனக் காந்தியடிகளுக்கு அனுப்பினார். 1933இல் சுவிட்சர்லாந்தில் மறைந்தார். அவர் ஏட்டில் எழுதிய ‘கலாம்’ என்னும் சொல், ‘வேண்டும்’ என மாறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், பதினான்கு வயது நிறைவெய்தும் வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளில் தர அரசு முயல வேண்டும் என வழிகாட்டியது. 2002இல் நிறைவேறிய 86ஆம் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதற்கென 2009இல் இயற்றப்பட்ட சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கோகலே தோற்ற நாளிலிருந்து எண்ணினால் தொண்ணூற்றெட்டு ஆண்டுகள்!

இன்று சட்டம் கட்டளையிடுகிறது. பொருளும் அரசு தருகிறது. ஆயினும் 1918இல் நகராட்சிகள்முன் நின்ற வினா முற்றும் நீங்கிவிடவில்லை. தம் குழந்தைகளை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டவர்கள், ஊர்ப் பொதுப்பள்ளியின் நலனில் அக்கறை கொள்வார்களா என்பதே அவ்வினா. 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு ஒன்றை வகுத்து, அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் மகளிராகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. கூரை ஒழுகுவதும் ஆசிரியர் இடம் வெற்றாகக் கிடப்பதும் முதலில் அறியப்பட வேண்டிய இடம் அக்குழுவே.

உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு ஞானத்தையும் ஒரு தானமாக வைத்தெண்ணியது நம் அறம். நம் முன்னோர் வாழ்ந்த சிற்றூர்களில் இன்றும் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. நகரங்களில் குடியேறிய நம் குடும்பங்கள், திருவிழாவுக்கு ஊர் செல்லும்போது ஜினாலயத்தை வலம் வந்து வணங்கியபின், அவ்வூர்ப் பள்ளிக்கும் சென்று, எத்தனை குழந்தைகள் பயில்கின்றனர், என்ன குறை உள்ளது என்று தலைமையாசிரியரிடம் கேட்டறிந்து வருதல் நன்று. அக்குழந்தைகள் எக்குடியைச் சேர்ந்தவராயினும் ஆகுக. தம் பிள்ளைகள் அல்லாத பிள்ளைகளுக்காக விட்டல்பாய் சட்டம் இயற்றினார். பாவுராவ் ஊர் ஊராக நடந்தார். அவர்கள் தொடங்கிய பணியில் நமக்கும் பங்குண்டு.