மலாக்காவின் ஜோங்கர் தெரு

மலேசியாவின் மலாக்கா நகரில், ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் ஜோங்கர் தெரு தொடங்குகிறது. இதன் அதிகாரப்பூர்வப் பெயர் ஹங் ஜெபாட் சாலை. வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலை வேளைகளில் தெருவே சந்தையாகிவிடும். செண்டோல், கோழிச்சோற்று உருண்டை, நியோனியா பலகாரங்கள் என நடந்துகொண்டே உண்ணலாம். மலாய்ப் பெயர்ப்பலகைகளில் உள்ள 'கெடாய்' வேறொன்றுமில்லை, நம் 'கடை'தான். 'கப்பல்' அங்கே 'காப்பால்' ஆனது. வணிகத்தில் இடும் 'முதல்' 'மோடால்' ஆனது.

இச்சொற்களைக் கொண்டுவந்தது பருவக்காற்று எனலாம். தென்மேற்குக் காற்றில் இந்தியக் கப்பல்களும் வடகிழக்குக் காற்றில் சீனக் கப்பல்களும் வந்தன. காற்றுத் திசை மாறும்வரை வணிகர்கள் மாதக்கணக்கில் இங்கேயே தங்கினர். அவர்களுக்குக் கிடங்கும் வேண்டும், வழக்குத் தீர்க்க ஆளும் வேண்டும். அதனால் சுல்தான்கள் காலத்தில் ஷாபந்தர் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். ஒருவர் குஜராத்தியரைக் கவனித்தார். சோழமண்டலக் கரை, வங்கம், பெகு, பாசாய் வணிகர்கள் இன்னொருவரின் பொறுப்பு. சாவகம் முதலிய தீவினருக்கு ஒருவரும் சீனர் முதலியோருக்கு ஒருவரும் இருந்தனர். 1511இல் போர்த்துக்கேயர் நகரைக் கைப்பற்றிய பின் இங்கு வாழ்ந்த தோமே பிரெஸ், 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதினார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் நான்கு ஷாபந்தர்கள் தேவைப்பட்ட ஊர் அது.

1641இல் ஒல்லாந்தர் வந்தனர். ஜோங்கர் என்பது அவர்கள் மொழிச்சொல். சந்தை இரைச்சலிலிருந்து பக்கத்துத் தெருவுக்குத் திரும்பினால் 'துக்காங் எமாஸ்', அதாவது பொற்கொல்லர் சாலை. அங்கே 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும், சில அடி தள்ளி 1748ஆம் ஆண்டின் கம்போங் கிளிங் பள்ளிவாசலும், அப்பால் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் உள்ளன. பள்ளிவாசலின் மினாரா, பார்ப்பதற்குச் சீனப் பகோடா போலவே இருக்கிறது. விநாயகர் கோயில் மலாக்கா செட்டிகளுடையது. உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழிவந்த இவர்கள், வீட்டில் பேசுவது மலாய். வழிபடுவது சைவ முறையில்.

மலேசியாவில் பழைய வீடுகளுக்கான வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. வாடகை ஏறவே, இத்தெருக்களில் தலைமுறைகளாகக் குடியிருந்த பலரும் கைவினைஞர்களும் வெளியேறினர். அவர்கள் இருந்த இடங்களில் விடுதிகளும் நினைவுப்பொருள் கடைகளும் வந்தன. மலாக்காவை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது 2008இல். அதற்குள் அக்குடும்பங்களில் பல போய்விட்டிருந்தன.