சதங்கை கட்டுமுன்

மட்டக்களப்பில் முன்பெல்லாம் கூத்து அவசரத்தில் மேடையேறியதில்லை. அண்ணாவியார் ஊராரைக் கூட்டி, ஆளுக்கும் குரலுக்கும் ஏற்றபடி பாத்திரம் பிரித்து, அவரவர் பாட்டு எழுதிய சட்டத்தைக் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். கால் தாளத்துக்குள் வந்துவிட்டதென்று அவர் மனம் ஒப்பினால்தான் சதங்கை அணி விழா. அதன்பின் அடுக்குப் பார்த்தல் என்ற ஒத்திகை, கடைசியில் அரங்கேற்றம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக்காரன். வடமோடிக் கூத்தில் ராசா வேடம் கட்டியவன். கரப்புடுப்பையும் கிரீடத்தையும் சுமந்துகொண்டு வட்டக்களரியைச் சுற்றி விடியவிடிய ஆட வேண்டும். சனம் நாலு பக்கமும் இருப்பதால் திரும்பித் திரும்பியே ஆட்டம். ஆனால் பழக்கத்தின் தொடக்கத்தில் உடுப்புமில்லை, சதங்கையுமில்லை. வெறுங்காலால் மண்ணை மிதிப்பது மட்டும்தான். பிழைத்தால், "மறுகா மிதி மகன்!" அவ்வளவுதான். பாரம் பின்னால்தான் ஏறியது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய், இரவு முழுக்க நீண்டதைச் சுருக்கி மேடையேற்றினார். 1962 இல் கர்ணன் போர், 1963 இல் நொண்டி நாடகம், 1964 இல் இராவணேசன். நொண்டி நாடகம் என்றதும் எனக்குச் சிரிப்பு வரும். கால் போனவனாக நடிக்கத்தான் முழங்கால் உறுதி அதிகம் வேண்டும். ஒற்றைக்காலில் துள்ளிப் பாருங்கள், தெரியும்.

சுருக்கியதில் எனக்குக் குறையில்லை. அதனால்தான் கூத்து வெளியுலகம் கண்டது. அதைப் பார்த்துவிட்டுப் பின்வந்தவர்கள் பழக்கத்தையும் சுருக்கினார்களே, அதுதான் என் மனத்தாங்கல். ஒரு விழாவுக்குச் சில நாள் பழகி, சீமெந்துத் தரையில் குதிக்கிறார்கள்.

அவ்வளவு நிதானமாகப் பழகிய என் முழங்காலிலும் இப்போது தேய்மானம். வலியைவிடப் படி இறங்கும்போது கால் திடீரென்று மடங்குவதுதான் பயம். மூட்டை நிலையாகப் பிடித்திருப்பது எலும்புகளும் அவற்றைப் பிணைக்கும் நார்களும் மட்டுமல்ல. தொடையின் முன்தசையும் பெரும் பங்கு தாங்குகிறது. 1997 இல் அமெரிக்காவின் இண்டியானாவில் முதியவர்களிடம் நடத்திய ஆய்வொன்றில், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தும் வலியே இல்லாதவர்களிடம்கூட அந்தத் தசை தளர்ந்திருந்தது. வலிக்குப் பயந்து காலை மடக்கி உட்கார்ந்தால் தசை இன்னும் இளைக்கும், மூட்டு இன்னும் ஆடும். "இனி ஓய்வுதான்" என்று ஒருவர் எனக்குச் சொன்னார். பிசியோதெரபி தெரிந்த இன்னொருவரோ கதிரையில் இருத்தி, காலை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். பிறகு கதிரையைப் பிடித்து எழும்பி இருக்கப் பழக்கினார். பிறகு ஒற்றைக்காலில் நிற்க. கொஞ்சங் கொஞ்சமாகப் பாரம் ஏற்றும் அந்த ஒழுங்கு எனக்குப் புதிதில்லை.

கூத்தாடினால் முழங்கால் வாதம் வராது என்று நான் சொல்லவில்லை. நெடுநேரம் குந்தியும் முழந்தாளிட்டும் செய்யும் வேலை மூட்டைத் தேய்க்கும் என்பதும் ஆய்வில் தெரிந்ததே. தேய்ந்த காலோடு குந்திக் குதிப்பது மருந்தல்ல.

ஆகவே இன்று பெடியளைப் பழக்கும் அண்ணாவிமாரிடம் ஒன்று கேட்கிறேன்: சதங்கையைப் பிந்திக் கட்டுங்கள். என் வயதுக் கூத்தர்களே, குதிப்பை விடுங்கள், மிதிப்பை விடவேண்டாம்.